கவுண்ட்டர் மூடியதும் பேனா திறக்கிறது!

பெங்களூர்,

டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், அந்தக் கண்ணாடித் துவாரம் எவ்வளவு சின்னது என்று. பணமும் அதன் வழியாகத்தான் வருகிறது. வசவும் அதன் வழியாகத்தான் வருகிறது. ரெயில் புறப்பட இரண்டே நிமிடம் இருக்கும். 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டுவார் ஒருவர். பின்னால் நிற்பவர்கள் கூச்சல் போடுவார்கள். ஷிப்ட் முடிந்து கணக்கு பார்த்தால் 300 ரூபாய் உதைக்கும். அதைக் கைக்காசில்தான் கட்டவேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் மூத்த ஊழியர் ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. "பெயர் மட்டும் போடாதே தம்பி" என்று கேட்டுக்கொண்டார். வயது 52. ஊர், கோலார் தங்கவயல்.

தங்கவயல்காரர்

தினமும் மாரிகுப்பத்தில் ரெயில் ஏறி பெங்களூர் வந்து திரும்புகிறார். போக வர ஏறக்குறைய 170 கிலோ மீட்டர். 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, தங்கவயல் தமிழர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதுதான் பிழைப்பு. விடியுமுன் புறப்பாடு. இருட்டிய பிறகு வீடு.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. ஒருநாள் கணக்கில் 2 ஆயிரம் ரூபாய் குறைந்தது. அன்று இரவு வீட்டில் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தார். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு நடந்ததை அவரே கூறினார்:-

"மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மனம் வரவில்லை. பையில் பழைய காலண்டர் தாள் இருந்தது. எதிரே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவரைப் பேனாவால் வரைந்தேன். பங்காரப்பேட்டை வந்ததே தெரியவில்லை. கோடு கோணலாக இருந்தால் என்ன, ரெயில் ஆடுகிறது என்று பழியை அதன்மேல் போட்டுவிடலாம்!"

இன்று அவர் வீட்டுப் பீரோவுக்கு மேல் ஒரு கட்டு படங்கள் இருக்கின்றன. ரெயிலில் தூங்குகிறவர்கள், கூடைக்காரிகள், சுரங்க வாயிலில் நிற்கும் ராட்சதச் சக்கரம், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்ணால் எழுந்த 'சயனைடு' மேடுகள். தலையில் விளக்கு கட்டிய ஒரு மனிதரின் படம் மட்டும் பத்துப் பதினைந்து இருக்கும். அவருடைய தந்தை. சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். போட்டோ அதிகம் இல்லாததால் நினைவில் இருப்பதை வரைகிறார். "மூக்கு மட்டும் பிடிபடவில்லை" என்கிறார்.

காகிதக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போன மனைவியைத் தடுத்தது யார் தெரியுமா? பேசாமல் இருந்த அதே மகள்தான்.

சண்டிகரில் ஒருவர்

அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு இப்படிக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கெல்லாம் தலைவர் என்று நேக் சந்தைச் சொல்லலாம். 1947 பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். உடைந்த வளையல், பீங்கான் துண்டு, சைக்கிள் பாகங்கள் இவற்றைப் பொறுக்கி வந்து, சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் 1957 முதல் ரகசியமாகச் சிலைகள் செய்தார். வேலை நேரம் போக, இரவில்! அது கட்டிடம் கட்டத் தடைசெய்யப்பட்ட நிலம். அதிகாரிகளுக்குத் தெரிவதற்குள் ஏராளமான சிலைகள் எழுந்துவிட்டன. இடித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. மாறாக 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015-ல் காலமானார். ரெயில்வே பாசில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். வளையல் துண்டுப் பொம்மைகளை விட்டு என் பையன் நகர மறுத்தான்.

படம் வரைந்தால் படபடப்பு குறையுமா? 2016-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகப் பேராசிரியை கிரிஜா கைமலும் குழுவினரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 39 பேரிடம் களிமண், பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் செய்யச் சொன்னார்கள். நான்கில் மூன்று பங்கு பேருக்கு, மன அழுத்தத்தில் சுரக்கும் 'கார்டிசால்' குறைந்திருந்தது. பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. மற்றவர்களில் சிலருக்கு ஏறியும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவரும் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

விற்கவில்லை

ஜனவரியில் குமாரகிருபா ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு 'சித்ர சந்தே' நடக்கிறதே, அதில் வைக்கலாமே என்று கேட்டேன்.

"விலை போட்டால் அதுவும் கவுண்ட்டர் ஆகிவிடும் தம்பி. சில்லறை கேட்பார்கள்" என்றார்.

போன வாரம் நானும் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பிளாட்பாரத்து டீக்காரரை வரைந்து காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி, காது எங்கே?" என்றார்.