டிக்கட்டின் பின்பக்கத்து வரி

பெல்மதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த வாசகர் கடிதத்தில் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. காணிவேலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். ராட்டினத்துக்கு வாங்கும் டிக்கட்டில் ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அடித்திருக்கிறது. அப்படியென்றால் ஏதும் நடந்தால் எங்களுக்கு ஒன்றும் கிடையாதா?

கிடைக்கும். ஆனால் யாரிடம், எந்த வழியில் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறிப் போகிறார்கள்.

பெல்மதுளையிலிருந்து ஏ4 வீதியில் பலாங்கொடையைத் தாண்டிப் பெரகலை வரை ஏறி, அப்புத்தளைப் பக்கம் திரும்பினால் தியத்தலாவை வரும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கு நடந்த ஃபொக்ஸ்ஹில் கார்ப் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. பொழுதுபோக்க வந்த இடத்தில் உயிர் போனால் இரண்டு தனித்தனிக் கதவுகள் திறக்கின்றன. ஒன்று குற்றவியல். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவிப்பவருக்கு 5 வருடம் வரை சிறை என்கிறது. அந்த வழக்கை நடத்துவது அரசு. மற்றது குடியியல். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு, பாதிக்கப்பட்டவரோ அவருடைய குடும்பமோ தொடுக்க வேண்டிய வழக்கு அது. பொலிஸ் வழக்குப் போட்டுவிட்டது, இனி எல்லாம் அதில் முடியும் என்று இரண்டாவது கதவைத் தட்டாமலே இருந்துவிடுகிற குடும்பங்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

இந்த இரண்டாவது கதவு மிகப் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த உரோமன் டச்சுச் சட்டத்தின் ஒரு கிளை அது. இங்கே தீங்கியல் என்று சொல்வார்கள். அதன் வேர் கிறிஸ்துவுக்கு முந்திய 3ஆம் நூற்றாண்டு ரோமாபுரியில் இருக்கிறது. ஒருவருடைய கவனயீனத்தால் இன்னொருவருக்கு இழப்பு வந்தால், அதை ஈடுசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். ராட்டினத்தை ஓட்டிய பையனிடம் கொடுக்கக் காசு இருக்காது. அதனால் அவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்த முதலாளியையும் சட்டம் பொறுப்பாளியாக்குகிறது.

ஆனாலும் எல்லா விபத்தும் கவனயீனம் ஆகாது. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் 1930ஆம் ஆண்டு ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து பார்வையாளர்களைக் கொன்றது. அதற்கு முந்திய 23 வருடங்களில் அப்படி நடந்ததே இல்லை. எதிர்பார்க்க முடியாத ஆபத்து என்று சொல்லி, மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைப்பாளர்களை விடுவித்தது. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தா, அதைத் தடுக்க நியாயமான ஏற்பாடு இருந்ததா என்பதுதான் நீதிபதி கேட்கும் கேள்வி. துருப்பிடித்த ஆணியும் தேய்ந்த கம்பியும் எதிர்பார்க்க முடியாதவை என்று எந்த ராட்டினக்காரரும் சொல்லித் தப்ப முடியாது.

இனி அந்த டிக்கட். 1939ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் பாரி கடற்கரையில் ஒருவர் 2 பென்ஸ் வீதம் கொடுத்து இரண்டு சாய்வுக் கதிரைகள் வாடகைக்கு எடுத்தார். கொடுத்த டிக்கட்டைப் படிக்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். உட்கார்ந்ததும் துணி கிழிந்து விழுந்து காயப்பட்டார். டிக்கட்டின் பின்பக்கத்தில், விபத்துக்குப் பொறுப்பில்லை என்று நகர சபை அச்சடித்திருந்தது. 1940இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: அந்தத் துண்டு காசு கட்டியதற்கு ரசீது மட்டுமே. கதிரைகளுக்கு அருகே வைத்திருந்த பலகையில் வாடகைதான் எழுதியிருந்தது. அதைப் பார்த்துக் கதிரையை எடுத்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிறகு கைக்கு வந்த காகிதத்தால் புதிய நிபந்தனை போட முடியாது.

இலங்கை இதைவிட நேராகவே ஒரு சட்டம் செய்திருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க, நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டத்தின்படி, தன் தொழிலில் காட்டிய கவனயீனத்தால் வந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை எந்த நிபந்தனையாலும் எந்த அறிவித்தலாலும் ஒருவர் தட்டிக்கழிக்க முடியாது. கொட்டை எழுத்தில் வாசலில் கட்டி வைத்தாலும் சரி, கையெழுத்து வாங்கினாலும் சரி. கைப்பை தொலைந்தது, செருப்பு அறுந்தது போன்ற பொருள் இழப்பென்றால் மட்டும் அந்த வரி நியாயமானதா என்று பார்ப்பார்கள். இவ்வளவு தெளிவான சட்டம் வந்து ஒரு தலைமுறை கடந்தும், அதே வரியைக் காட்டி மக்களை வாயடைக்க வைப்பது பெரிய அநியாயம். லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடங்களில், ராட்டினத்தைக் கடைசியாக யார் பரிசோதித்தார், எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் தமிழிலும் எழுதி வைப்பது பெரிய செலவில்லை. அனுமதி கொடுக்கும் சபைகள் அதைக் கட்டாயப்படுத்தலாம்.

வேடிக்கை காட்டுகிறவர்களை மறந்துவிடக் கூடாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினத்தில், ‘வேட்டுவம்’ படத்துக்காகக் காரைப் பாய வைத்த சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் இறந்தபோது, இயக்குநர் பா. ரஞ்சித் உட்படச் சிலர்மீது பொலிஸ் வழக்குப் பதிந்தது. நம் காணிவேல்களில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களும் சம்பளத்துக்கு வந்த தொழிலாளர்களே. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கவே தேவையில்லை. வேலையால், வேலையின்போது நேர்ந்த விபத்தென்று காட்டினால் போதும்.

  

கடிதம் எழுதிய வாசகருக்கு இன்னும் ஒன்று. தீங்கியல் வழக்குக்குக் காலக்கெடு 2 வருடம். மருத்துவமனைச் சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ராட்டினத்தின் படம், கிழித்துக் கொடுத்த அந்த டிக்கட், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சமாதானமாகப் போவோம் என்று யாராவது காகிதம் நீட்டினால், கையெழுத்து வைக்குமுன் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.