மஹல்லாவுக்கு ஒரு பொது நாட்காட்டி

இலவசக் கண் சிகிச்சை முகாமும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் முகாமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு தெரு இடைவெளியில் நடப்பது நம் ஊர்களில் புதிதல்ல. இரண்டிலும் பாதிக் கூட்டம்தான் இருக்கும். இரு தரப்பாரும் நல்ல நிய்யத்தோடு உழைத்தவர்களே. ஒருவர் குறித்த தேதி மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செய்தி போய்ச் சேரும் வழியிலும் குறை இருக்கிறது. ஜும்ஆவுக்குப் பின் சொல்லப்படும் அறிவிப்பை ஆண்கள் கேட்கிறார்கள்; வீட்டில் வந்து சொல்பவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் வந்த தகவல் மாலைக்குள் ‘ஜும்ஆ முபாரக்’ வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டிலும், கணவரை இழந்த சகோதரியின் வீட்டிலும் விஷயம் தெரியவரும்போது கடைசி நாள் கடந்திருக்கும். யாருக்காக உதவி ஏற்பாடானதோ அவர்களுக்கே அது எட்டாமல் போவதுதான் பெரிய இழப்பு.

இதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி, ஊரார் சேர்ந்து எழுதும் பொது நாட்காட்டி. கூகுள் கேலண்டர் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே நாட்காட்டியில் பலர் எழுதலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாட்காட்டிகளுக்கான ‘ஐகேலண்டர்’ என்ற பொது வடிவம் 1998-லேயே வகுக்கப்பட்டுவிட்டதால், ஆண்ட்ராய்டு, ஐபோன் எதில் வேண்டுமானாலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முறை

1. ஜமாஅத் அல்லது அறக்கட்டளையின் பெயரில் தனி மின்னஞ்சல் கணக்கு தொடங்குங்கள். தனிநபர் கணக்கில் தொடங்கினால், அவர் வேலைக்காக வளைகுடா போகும்போது நாட்காட்டியும் அவரோடு போய்விடும்.

2. கணினியில் கூகுள் கேலண்டரைத் திறந்து, புதிய நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, பொதுப் பார்வைக்கு வையுங்கள்.

3. நான்கைந்து பேருக்கு மட்டும் எழுதவும் திருத்தவும் அனுமதி கொடுங்கள். அவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். பெண்கள் மதரஸாவின் ஆலிமாவும், சுய உதவிக் குழுவில் இருப்பவரும் பொருத்தமானவர்கள்.

4. மற்றவர்கள் யாரும் தகவல் தரலாம். என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே, யாருக்காக, என்ன ஆவணம் கொண்டுவர வேண்டும் என்ற ஆறு கேள்விகளுக்கும் விடை இருந்தால் மட்டுமே பதிவு செய்ய வேண்டும்.

5. ஒருவர் பதிந்ததை இன்னொருவர், நடத்துபவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

எதைச் சேர்க்கலாம்?

கட்டணம் இல்லாதது, விற்பனை இல்லாதது, எல்லோரும் வரக்கூடியது. இந்த மூன்றும் பொருந்தினால் சேர்க்கலாம். மருத்துவ முகாம், இரத்ததானம், பயான், வேலைவாய்ப்பு வழிகாட்டல், வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம், உதவித்தொகை விண்ணப்பக் கடைசி நாள் எல்லாம் இதில் வரும். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களை இப்போதே எழுதி வைக்கலாம். ஊரின் கோயில் திருவிழா, தேவாலயத் திருவிழா நாட்களையும் குறித்து வைத்தால், ஒரே தெருவில் இரு கூட்டம் சேரும் சிரமம் இருக்காது.

புடவை விற்பனையும் கட்டண வகுப்பும் வேண்டாம். நிகாஹ் விருந்து அந்தந்தக் குடும்பத்தின் விஷயம். உதவி பெறுபவர்களின் பெயர், வீட்டு முகவரி எதையும் எழுதவே கூடாது. பொது நாட்காட்டியை உலகில் எவரும் பார்க்க முடியும்.

நாம் தனியாகக் கவனிக்க வேண்டியவை

‘வெள்ளி இரவு பயான்’ என்றால் நம் பெரியவர்களுக்கு அது வியாழக்கிழமை மக்ரிபுக்குப் பின். கைப்பேசிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அது மறுநாள். எனவே ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள்.

‘மக்ரிபுக்குப் பின்’ என்பதும் போதாது. நம் மாநிலத்தில் நவம்பரில் பொழுது சாய்வதற்கும் ஜூலையில் சாய்வதற்கும் ஊருக்கேற்ப முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வித்தியாசம் உண்டு. மணியைக் குறிப்பிடுங்கள்.

ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களே. பெருநாள், ஆஷூரா போன்றவற்றுக்கு ‘ஆண்டுதோறும்’ என்று அமைத்துவிட்டால், அடுத்த ஆண்டு பத்துப் பதினோரு நாட்கள் தவறிவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பதிந்து, ‘பிறை பார்த்தபின் உறுதியாகும்’ என்று சேருங்கள்.

ஒரு நிகழ்ச்சி நின்றுபோனால் பதிவை அழித்துவிடாதீர்கள். தலைப்பிலேயே ‘ரத்து’ என்று எழுதுங்கள். அழித்துவிட்டால், முன்பு பார்த்தவர் விஷயம் தெரியாமல் வெயிலில் வந்து நிற்பார். சில கைப்பேசிகளில் மாற்றம் தெரியப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அன்றன்றைய மாற்றத்தை ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு

வாரம் ஒருமுறை, வியாழன் மாலை, வரும் பத்து நாட்களின் நிகழ்ச்சிகளை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது. பெண்கள் மதரஸா, அங்கன்வாடி, ரேஷன் கடை, மாவு மில் ஆகிய இடங்களிலும் அது இருக்க வேண்டும். பெண்கள் காத்து நிற்கும் இடங்கள் அவைதாம்.

தொடங்குவது எளிது, ஆறு மாதம் விடாமல் நடத்துவதுதான் உழைப்பு. ஒருவாரம் பழைய தகவல் இருந்தால் மக்கள் மறுபடி பார்க்க மாட்டார்கள். ஆகவே வாரத்துக்கு ஒருவர் எனப் பொறுப்பை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இனி ஒரு முகாமுக்குத் தேதி குறிக்குமுன் நாட்காட்டியை ஒருமுறை பார்ப்பது எல்லா அமைப்புகளுக்கும் வழக்கமானால், நம் உழைப்பும் வீணாகாது. உரியவர்களுக்கு உதவியும் உரிய நாளில் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.