பேச்சுத் தமிழில் இறைப்பெயர்: விளியும் பொருள் தேய்வும்

ஆங்கிலப் புதினம் ஒன்றில், இறைப்பற்று இல்லாத ஒருவன் கல் தடுக்கியதும் ‘ஜீஸஸ்!’ என்று கத்துவதாகக் கொள்வோம். அதனை ‘ஏசுவே!’ எனப் பெயர்த்தால் வசை வழிபாடாகிவிடுகிறது. கதைமாந்தன் ஒரே சொல்லில் பக்தனாகிவிடுகிறான். சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தும் பெயர்ப்புப் பிழைபடுவது ஏன்? அன்றாடத் தமிழில் இறைப்பெயர்கள் ஆளப்படும் முறையை ஆராய்ந்து இவ்வினாவிற்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது.

ஆங்கில வழக்கின் பின்னணியில் ஒரு விலக்கு உள்ளது. இறைவன் பெயரை வீணாகச் சொல்லலாகாது என்பது விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து முதலிய பெயர்களை விளையாட்டாக உச்சரிப்போர்க்குப் பத்துப் பவுன் தண்டம் விதித்து, 1606-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில், முன்னைப் பதிப்புகளின் ‘கடவுள்’ சில இடங்களில் ‘வானகம்’ என மாறியிருப்பதற்கு இச்சட்டம் முக்கியக் காரணம். ‘காட்’ என்பது ‘காஷ்’ எனத் திரிந்ததும் விலக்குக்கு அஞ்சியே. விலக்கு இருப்பதனால்தான் மீறலுக்கு வசையின் காரம் கிடைக்கிறது.

தமிழர் அறிந்த பக்தி மரபின் நோக்கு இதற்கு நேர்மாறானது. பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் அஜாமிளன் சாகுந்தறுவாயில் அழைத்தது தன் மகனைத்தான். மகனின் பெயர் நாராயணன் என்பதால் எமதூதர் பிடியிலிருந்து தப்புகிறான். பிள்ளைகளுக்குத் திருமாலின் பெயரை இடுமாறு வற்புறுத்தப் பெரியாழ்வார் தனித் திருமொழியே பாடியுள்ளார். எண்ணாது சொன்னாலும் பெயர் பயன்தரும் என்று கருதும் சமூகத்தில் ‘வீணாகச் சொல்லுதல்’ என்னும் குற்றத்திற்கு இடம் குறைவு. ‘டேய் கிருஷ்ணா’ என்று மகனைத் திட்டும் தாய் கண்ணனைத் திட்டியதாக எவரும் கொள்வதில்லை.

எனினும் தமிழில் எல்லா இறைப்பெயர் வழக்கும் ஒரு தன்மையன அல்ல. மாற்றிப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். அதிர்ச்சியில் ஒருவர் ‘முருகா!’ என்னுமிடத்தில் மற்றொருவர் ‘பெருமாளே’, ‘மாரியாத்தா’, ‘ஏசப்பா’, ‘மாதாவே’, ‘யா அல்லா’ என்கிறார். பேசுவோரின் சமயத்திற்கேற்பப் பெயர் மாறுகிறது. ஆகவே அது இன்னும் பெயராகவே உள்ளது. இங்கு விளிவேற்றுமை உயிருடன் இருக்கிறது; கூற்று, எவ்வளவு மெலிந்ததாயினும், முறையீடே.

‘சிவனேன்னு இரு’ என்பது அவ்வாறன்று. பெருமாளை வழிபடுவோரும் பேச்சில் ‘சிவனே என்று’தான் இருக்கின்றனர், ‘பெருமாளே என்று’ இருப்பதில்லை. ‘தேமேன்னு இரு’ என்பதை இதனுடன் ஒப்பிடுக. ‘சட்டென்று’, ‘பளிச்சென்று’ ஆகியவற்றில் ‘என்று’ தனிப்பொருளற்ற ஒலிக்குறிப்பை வினையடையாக்குவது போலவே, இங்குச் ‘சிவனே’ என்பதையும் ஆக்கியுள்ளது. விளியுருபு எஞ்சியிருக்கிறது, விளிக்கப்படுபவர் இல்லை.

‘போட்ட பணம் கோவிந்தா’ என்பதில் தேய்வு மேலும் முற்றியுள்ளது. விளிவடிவம் பயனிலையாகி, ‘கோவிந்தா ஆயிற்று’ என ஆக்க வினையையும் ஏற்கிறது. ‘பணம் முருகா’ என்பார் இல்லை. ‘பணம் அரோகரா’ என்பார் உண்டு. இரண்டும் கூட்டமாக எழுப்பும் முழக்கங்கள் என்பது கருதத்தக்கது. இறுதி ஊர்வலத்திலும் ‘கோவிந்தா’ முழக்கம் கேட்கும் வழக்கமே ‘தொலைந்தது’ என்னும் பொருளுக்கு வழிவகுத்தது எனக் கொள்ளலாம்.

இத்தகைய தேய்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ‘நாமம்’ முதலில் பெயரைக் குறித்தது. பின்னர் நெற்றிக் குறிக்காயிற்று. ‘நாமம் போட்டான்’ என்றால் ஏமாற்றினான் என்று பொருள். கன்னடத்தின் ‘பங்கநாம’ இதே பொருளில் வழங்குகிறது. மைசூர்த் தெருக்களில் நண்பனை ‘ஏன் சிவா’ என்றழைப்பது தமிழின் ‘என்னப்பா’வுக்கு நிகரானது. ‘கொஞ்சம் நகரு சாமி’ என்னும் தமிழ் விளியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆணையிடுதல் மட்டும் சற்று விலகி நிற்கிறது. ‘சத்தியமா’ என்பது ‘உண்மையாக’ என்னும் அளவிற்குத் தேய்ந்துவிட்டது. ஆனால் ‘முருகன் மேல் சத்தியமாகச் சொல்’ என்றால் பொய் சொல்ல வந்தவரும் தயங்குவதுண்டு.

அப்படியாயின் ‘ஜீஸஸ்!’ என்னும் வசைக்கு ஈடு யாது? தமிழிலும் தெய்வப் பெயர் வசையாவது உண்டு. ஆனால் அத்தெய்வங்கள் வேறு. ‘சனியன்’, ‘மூதேவி’ ஆகியவற்றை நோக்குக. சனி இன்றும் கோயில்களில் வழிபடப்படும் கோள். மூதேவியோ குறள் ‘தவ்வை’ எனச் சுட்டுபவள், பல்லவர் காலக் கோயில்களில் சிற்பமாக வீற்றிருந்தவள். இங்கே காரம் பிறப்பது விலக்கை மீறுவதனால் அன்று. அண்டக்கூடாத தெய்வத்தின் பெயரைச் சொல்வதனால். எனவே கல் தடுக்கியவன் தமிழில் ‘சனியன்!’ என்பதே பொருந்தும்.

தமிழிலிருந்து பெயர்ப்போர்க்குச் சிக்கல் வேறு. ‘கோவிந்தா’வுக்கு அடிக்குறிப்பு எழுதிப் புராணம் விளக்க வேண்டுவதில்லை, பணம் போயிற்று என்றால் போதும். ‘சிவனே என்று இருந்தேன்’ என்பதில் சிவனைக் காப்பாற்ற முயன்றால், வம்புக்குப் போகாமல் இருந்தவர் தவத்தில் அமர்ந்தவர் ஆகிவிடுவார். ‘முருகா!’ என்பதைப் பொதுவான கடவுட் சொல்லாக்காமல் அவ்வாறே விடுவது நன்று. அதைச் சொல்பவர் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.