வாயாடிப் பூனையா? வானரப் பூனையா?

வீட்டைப் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும்

பூனை என்றால் என்ன செய்யும்? பாலைக் குடிக்கும். மூலையில் சுருண்டு படுக்கும். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்தக் கணக்கில் சயாம் பூனையோ, அபிசீனியப் பூனையோ வாங்கி வந்தால், ஒரே வாரத்தில் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

இரண்டும் குட்டை முடிப் பூனைகள். பாரசீகப் பூனை மாதிரி தினமும் சீவி சிக்கெடுக்கும் வேலை இல்லை. வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டால் போதும். எடை 3 கிலோ முதல் 5 கிலோ வரை. மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளும். ஓயாமல் ஓடும், ஆடும்.

"இரண்டும் ஒண்ணுதானே! எது அழகோ அதை எடு" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அங்கேதான் தப்பு. 15 வருடம் கூடவே இருக்கப்போகிற ஜீவன் அது.

பேச்சு... பேச்சு... பேச்சு!

சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதராக இருந்த கோல்டு என்பவர், 1884-ம் ஆண்டு ஒரு ஜோடிப் பூனையை இங்கிலாந்தில் இருந்த தன் சகோதரிக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். அதன் குட்டிகள் மறு ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் இடம் பெற்றன. அங்கிருந்துதான் இந்தப் பூனைக்கு உலகம் முழுக்க மவுசு ஏறியது.

நீலக் கண். வெளிர் உடம்பு. முகம், காது, கால், வால் மட்டும் கரி பூசியது போல இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. பிறக்கும்போது குட்டி முழுக்க வெள்ளைதான்! உடம்பில் சூடு குறைந்த இடத்தில் மட்டும் நிறம் ஊறும். காதும் வாலும் சற்றுக் குளிர்ந்த இடங்கள். அதனால் சில வாரங்களில் அவை கறுக்கின்றன. ஆபரேஷனுக்காக வயிற்றில் முடியை மழித்தால், அங்கே மறுபடி முளைக்கும் முடியும் கறுப்பாக வருவது உண்டு!

அழகு அப்படி. வாய்?

கைக்குழந்தை வீறிடுவது போன்ற குரல். சாயங்காலம் கதவைத் திறந்ததும், "இத்தனை நேரம் எங்கே போனே?" என்று கேட்பது போலவே கத்தும். பதில் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வரும். சமையல் கட்டுக்குப் போனால் பின்னாலேயே வரும். குளியல் அறைக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று புலம்பும். பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுத்த போர்ஷன்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்! 5, 6 மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லி கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவதுதான் வழி.

வாயாடியாக இருப்பது கூடப் பெரிசு இல்லை. தனிமைதான் இதற்கு ஆகாது. நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் கிடந்தால், சில பூனைகள் தன் முடியைத் தானே நக்கி நக்கி வயிற்றை மொட்டை ஆக்கிக்கொள்ளும். கம்பளியையும் துணியையும் மென்று விழுங்குகிற பழக்கம் சயாம் ஜாதியில் அதிகம். அது குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பெயர்தான் அபிசீனியா!

அபிசீனியப் பூனை இதற்கு நேர் எதிர். குரல் வெளியே கேட்காது. கால்தான் நிற்காது!

1868-ல் எத்தியோப்பிய மன்னர் தியோடர் மீது படை எடுத்தார்கள். நேப்பியர் தலைமையில் பம்பாயில் இருந்து கப்பல் ஏறிய படை அது. படை கரை இறங்கிய இடம் சூலா. போர் முடிந்து திரும்பிய ஒரு கேப்டன் வீட்டுப் பூனைக்கும் அதே பெயர். அதுதான் இந்த வம்சத்தின் மூலம் என்று கதை.

ஆனால் ஹாலந்தில் லெய்டன் நகர மியூசியத்தில், பாடம் செய்த ஒரு பூனை இருக்கிறது. அதே ரகம். 1830-களிலேயே வாங்கியது. அதன் சீட்டில் பூர்வீகம் "இந்தியா" என்று எழுதி இருக்கிறது! மரபணு ஆராய்ச்சியும் இந்தியப் பெருங்கடல் கரைப் பக்கமே கை காட்டுகிறது. நம் ஊர்த் தெருவில் கோடு இல்லாமல், மணல் நிறத்தில் திரிகிற பூனைகளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு முடியிலும் இரண்டு மூன்று நிறம் மாறி மாறி இருக்கும். காட்டு முயல் மாதிரி.

மடியில் உட்கார இதற்கு நேரம் கிடையாது. பீரோ மேல் ஏறும். அங்கிருந்து பரணுக்குத் தாவும். நீங்கள் பேப்பர் படித்தால் பக்கத்தில் வந்து ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடும். மூன்றாவது மாடி, நாலாவது மாடியில் குடி இருப்பவர்கள் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடிக்காமல் இதைக் கொண்டு வரவே கூடாது. ஒரு காக்கா பறந்தால் போதும், பின்னாலேயே பாய்ந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது?

பாட்டியோ தாத்தாவோ நாள் முழுக்க இருக்கிற வீடு, பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிற வீடு என்றால் சயாம். ஒண்டுக் குடித்தனம், ஓடி ஆடுகிற பிள்ளைகள் என்றால் அபிசீனியா.

கணவன், மனைவி இருவரும் காலை 8 மணி பஸ்சைப் பிடித்தால் இரவு 7 மணிக்குத்தான் வருகிறார்கள் என்றால்? இரண்டுமே வேண்டாம். ஆசை விடவில்லையா? ஒன்றாக வளர்ந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்றுக்கு ஒன்று துணை. செலவு இரட்டிப்பாகும். அது வேறு கதை.

இரண்டுக்குமே பால் சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது. மீன், இறைச்சி இல்லாவிட்டால் டாரின் என்ற சத்துக் குறைந்து கண் பார்வை போகும். இதயமும் பழுதாகும். சுத்த சைவ வீட்டுக்காரர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணைக் கெடுக்கும் பரம்பரை நோய் ஒன்றும் இருக்கிறது. அபிசீனியாவில் இதற்குப் பேர் போனது. சயாமிலும் உண்டு. குட்டியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றரை, இரண்டு வயதில் பார்வை மங்கத் தொடங்கும். 5 வயதுக்குள் முழுக் குருடாகிவிடும். காரணமான மரபணுவை 2007-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். தாய், தகப்பன் பூனைகளின் கன்னத்துக்கு உள்ளே பஞ்சால் துடைத்து எடுத்து சோதித்தால் போதும், குட்டிக்கு வருமா வராதா என்று சொல்லிவிடலாம். அபிசீனியாவுக்கு ரத்தசோகை நோய் ஒன்றும் இதேபோல் பரம்பரையாக வரும். அதற்கும் இதே சோதனைதான்.

குட்டிக்கு 12 வாரம் ஆகாமல் தாயிடம் இருந்து பிரிக்கக் கூடாது. வாங்கப் போகும்போது தாய்ப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். சோதனைச் சீட்டையும் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்? குட்டியைப் பாருங்க, எப்படித் துள்ளுது!" என்று பேச்சை மாற்றினால், முன்பணம் கொடுக்காமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான்.