முடிச்சில் ஊர் தெரியும்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து என் வேலை போனது. கையிருப்பில் மதுரைச் சுங்குடி வாங்கிச் சட்டை தைத்து விற்கத் தொடங்கினேன். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அச்சடித்த புள்ளித் துணி மலிவாகவே கிடைக்கிறது. பிறகு என்னிடம் ஏன் வாங்க வேண்டும்?

விடையைப் பாலஸ்தீனத்தில் கண்டேன். அங்குள்ள பெண்களின் 'தத்ரீஸ்' பூத்தையலில் வட்டாரத்துக்கு வட்டாரம் கோலம் மாறும். அணிந்தவரின் ஊரை ஆடையே சொல்லும். 1948-இல் ஊரை இழந்தவர்கள் அகதி முகாம்களிலும் அக்கோலங்களைத் தைத்தார்கள். நாளடைவில் அதுவே பலருக்கு வருமானமும் ஆயிற்று. 2021-இல் யுனெஸ்கோ இக்கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஹெப்ரோனில் 1961-இல் தொடங்கிய ஹிர்பாவி நெசவாலையை, 1990களில் பெருகிய மலிவான இறக்குமதித் துண்டுகள் முடக்கப் பார்த்தன. பாலஸ்தீனத்திலேயே நெய்தது என்ற அடையாளமே அதற்கு வெளிநாடுகளில் வாடிக்கையாளர்களைத் தேடித் தந்தது.

சுங்குடிக்கும் அத்தகைய அடையாளம் உண்டு. சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த கலை அது. துணியில் சிறுசிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால், சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாகும். 2005-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே என் சட்டைகளில் சில முடிச்சுகளை அவிழ்க்காமல் விடுகிறேன். வாங்குபவரே அவிழ்த்துப் பார்க்கலாம். அச்சுத் துணியில் அவிழ்க்க ஒன்றுமில்லை.

தொழில் தொடங்க எண்ணும் தம்பி தங்கைகளே, வணிகப் பெயரை எஸ்.எஸ்.எம்.-இல் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான். விலைச்சீட்டில் உங்கள் பெயருக்கு முன்னே, துணி பிறந்த ஊரை எழுதுங்கள்.