டவர் எட்டாத கடலில் செல்போன் எப்படி வழிகாட்டுகிறது?

மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலிருந்து கிளம்பும் ஃபைபர் படகு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் செல்போன் சிக்னல் பொதுவாக அறுந்துவிடும். ஆனால், படகு இருக்கும் இடத்தை அதே போன் காட்டிக்கொண்டே இருக்கும். எப்படி?

பேசுவதற்குப் போனும் அலைகளை அனுப்ப வேண்டும். அதன் சக்தியோ சுமார் 0.2 வாட்தான். தூரம் கூடக்கூடப் பூமியின் வளைவும் டவரை மறைத்துவிடும். இடமறிய எதையும் அனுப்ப வேண்டியதில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேரும் நேர வித்தியாசத்திலிருந்து போனே இடத்தைக் கணக்கிடுகிறது. வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும்.

புயல் எச்சரிக்கைக்கு என்ன வழி? 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த பலருக்குச் செய்தி எட்டவில்லை. 2019இல் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி, ககன் செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையைப் பிடித்து, புளூடூத் வழியாகப் போன் செயலிக்குத் தருகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

இந்தக் குறையைப் போக்கவே, ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. போனால் முடியாததைப் படகில் உள்ள இந்தக் கருவி செய்கிறது: ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி போய்வரும். ‘நப்மித்ரா’ செயலி புளூடூத்தில் அதனோடு இணையும்.

இன்னொன்று: டவரைத் தேடித்தேடியே போனின் சார்ஜ் கரையும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, புளூடூத்தை மட்டும் இயக்கினால் மிச்சமாகும். பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும்.