மலையுச்சியில் ஒரு மஞ்சள் கோடு

இரவுப் பணி – 9

நண்பகலில் தார்ச்சாலையில் எதிரே வரும் பேருந்து நெளிந்து நெளிந்து தெரியும். சூடும் குளிருமாகக் கலந்து கிடக்கும் காற்று, ஒளியைப் பக்கத்துக்குப் பக்கம் வளைத்துவிடுவதால் வரும் நெளிவு அது. நட்சத்திரங்கள் மினுங்குவதும் இதனால்தான். நமக்கு அழகாகத் தெரிகிற அந்த மினுக்கம், வானியலாளர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டி வந்திருக்கிறது.

ஹவாய்த் தீவின் மௌனா கியா மலை கிட்டத்தட்ட 4,200 மீட்டர் உயரம். உலகில் காற்று மிக அமைதியாக இருக்கும் இடங்களில் ஒன்று. அங்கேகூட நல்ல இரவில் ஒரு நட்சத்திரம் அரை விகலை அகலத்துக்குக் கலங்கித் தெரியும். ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு விகலை. அங்குள்ள கெக் தொலைநோக்கியின் ஆடி 10 மீட்டர் அகலம். அகச்சிவப்பு ஒளியில் இதைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும் திறன் அதற்கு உண்டு. ஆனால் காற்றை அப்படியே விட்டால், ஒரு மீட்டர் ஆடி காட்டும் நுணுக்கத்தைத் தாண்ட அதனால் முடியாது.

ஒளியைக் காற்று எப்படிக் கசக்குகிறதோ அதற்கு எதிர்மாறாக ஓர் ஆடியைக் கசக்கினால் படம் நேராகிவிடும் என்று வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் 1953-ல் எழுதினார். அதைச் செய்து பார்க்க அன்று கருவி இல்லை. பின்னாளில் அமெரிக்க ராணுவம் இதில் ரகசியமாக வெகுதூரம் போயிருந்தது. அந்த வேலை 1991-ல்தான் வெளியே வந்தது. ஆடியைக் கசக்கிப் படத்தை நேராக்கும் இந்த முறைக்குத்தான் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பெயர்.

கெக்கில் இந்த வேலையைச் செய்வது உள்ளங்கையளவே இருக்கும் ஒரு மெல்லிய ஆடி. அதன் முதுகில் 349 சிறு உந்திகள். உணரி ஒன்று ஒளியின் கசங்கலை அளக்கும், கணினி கணக்கிடும், உந்திகள் ஆடியை மைக்ரான் அளவில் தள்ளும், இழுக்கும். நொடிக்குப் பல நூறு முறை இது நடக்க வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் காற்று வேறு உருவத்துக்குப் போயிருக்கும். அளவீடும் திருத்தமும் ஒன்றையொன்று துரத்தும் இந்தச் சுற்றை லூப் என்பார்கள். இயக்குபவர் லூப்பை மூடியதும், திரையில் கொதித்துக்கொண்டிருந்த ஒளித்திட்டு சட்டென்று ஒரு புள்ளியாகச் சுருங்கும்.

கசங்கலை அளக்க, பார்க்கும் இடத்துக்கு அருகிலேயே பிரகாசமான நட்சத்திரம் ஒன்று வேண்டும். வானத்தின் பெரும்பகுதியில் அது கிடைக்காது. அதனால் ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். தரைக்கு மேலே 90 கிலோமீட்டர் வாக்கில், எரிந்துபோன விண்கற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் மெல்லிய படலமாக மிதக்கின்றன. நம் தெருவிளக்குகளில் மஞ்சளாக எரிந்த அதே சோடியம்தான். அதே மஞ்சள் நிற லேசரைச் செலுத்தினால் அந்த உயரத்தில் ஒரு புள்ளி ஒளிரும்.

இதில் என்னை வியக்க வைத்த சிக்கல் ஒன்று உண்டு. லேசர் மேலே போகும்போது காற்று அதை ஒரு பக்கம் சாய்க்கும். ஒளி அதே காற்றின் வழியே திரும்பி வரும்போது அந்தச் சாய்வு அழிந்துவிடும். ஆகவே படம் மொத்தமாக எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைச் செயற்கை நட்சத்திரம் சொல்லாது. அதற்கு மட்டும் உண்மையான நட்சத்திரம் வேண்டும், மங்கலானதாக இருந்தாலும் போதும். நம் பால்வீதியின் மையத்தைப் பார்ப்பவர்களுக்கு, அங்கிருந்து 19 விகலை தள்ளி ஒரு நட்சத்திரம் வாய்த்தது.

ஹவாயில் இருந்து பார்த்தால் அந்த மையம் தென்வானில் 41 பாகைக்கு மேல் ஏறாது. சாய்வாகப் பார்ப்பதால் கடக்க வேண்டிய காற்றும் அதிகம். கெக்கில் 2004-ல் லேசர் வந்த பிறகு வானியலாளர் ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு அங்கே முன்பு காணாத மங்கலான நட்சத்திரங்களையும் பின்தொடர்ந்தது. அங்கே ஏற்கெனவே நெடுநாள் பழக்கமான நட்சத்திரம் ஒன்று, 16 ஆண்டுக்கு ஒரு சுற்று வரும் எஸ்0-2. மையத்தில் இருக்கும், நாற்பது லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளையை அது 2018 மே மாதம் நெருங்கிக் கடந்தது. அப்போது தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு 2034 வரை காத்திருக்க வேண்டும். 2020-ல் நோபல் பரிசு கெஸ்ஸுக்கும், சிலியிலிருந்து இதே நட்சத்திரங்களைப் பார்த்த ரைன்ஹார்ட் கென்செலுக்கும், கோட்பாட்டாளர் ரோஜர் பென்ரோஸுக்கும் போனது.

இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லேசர் இரவுகளின் காவலர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். லேசர் விமானியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. விமானத்தைத் தானே உணர்ந்து லேசரை அடைக்கும் கருவி வரும்வரை, அந்தக் காவலை மனிதர்களே செய்தார்கள். கடல்மட்டத்தைவிட நாற்பது விழுக்காடு குறைந்த காற்றழுத்தத்தில், உறையும் குளிரில், வெளியே இருளில் வானத்தையே பார்த்துக்கொண்டு. செயற்கைக்கோள்களுக்காகவும் ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்த இலக்கை நோக்கி லேசர் செலுத்தப்போகிறோம் என்ற பட்டியலை முன்பே ராணுவத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கத்துத் தொலைநோக்கியின் பார்வைக்குக் குறுக்கே கதிர் போகாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய மேகம் படர்ந்தாலும் வேலை நின்றுபோகலாம்.

மனிதர்கள் காவல் நின்ற நாட்களில் ஓர் இரவு. விமான விளக்கு ஒன்று லேசரின் மஞ்சள் கோட்டை நோக்கி நகர்கிறது. காவலர் பொத்தானை அழுத்துகிறார், கோடு மறைகிறது. மலையடிவாரத்து வைமியா ஊரின் கட்டுப்பாட்டு அறையில் கூர்மையாக இருந்த நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கலங்கிப் பரவுகின்றன. யாரும் பேசுவதில்லை. விமானம் கடந்து போகிறது. கோடு மறுபடி எழுகிறது, 90 கிலோமீட்டர் உயரத்தில் புள்ளி ஒளிர்கிறது, லூப் மூடுகிறது, பால்வீதியின் நடுவே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கின்றன.

(தொடரும்)